நகை எதைப் பார்க்கிறதோ அதுதான் படத்தில் விழும்: கைவினை நகைகளை மொபைலில் படமெடுக்கும் முறை

நகைப் படம் சரியாக வரவில்லை என்றால் முதலில் பழி விழுவது மொபைல் கேமராவின் மீதுதான். ஆனால் இன்று புழக்கத்தில் உள்ள நடுத்தர மொபைலே ஆன்லைன் கடைக்கு வேண்டியதைவிடக் கூடுதலான நுணுக்கத்தைப் பதிவு செய்துவிடும். சிக்கல் நகையின் மேற்பரப்பில் இருக்கிறது. பாலிஷ் போட்ட வெள்ளிக்கும் ஸ்டீலுக்கும் சொந்தமாகக் காட்ட நிறம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டும், அவ்வளவுதான். தங்க முலாமும் செம்பும் பித்தளையும் அதையே தங்கள் சாயலைக் கலந்து காட்டுகின்றன. வெள்ளி மோதிரம் படத்தில் கறுத்துத் தெரிந்தால், அதற்கு எதிரே இருட்டான அறை இருந்திருக்கிறது என்று அர்த்தம். விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் அந்தக் கறுப்பு போகாது. ஒரு வெள்ளை அட்டையை எதிரே நிறுத்தினால் போய்விடும்.

அதனால் வேலையை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் நகையைச் சுற்றி என்ன இருக்கிறது, அடுத்து வெளிச்சம், கடைசியில் மொபைல்.

முதலில் நகையைத் தயார் செய்யுங்கள்

15 மி.மீ. அகலமுள்ள கம்மல் ஒன்று படத்தில் 2000 பிக்சல் அகலத்துக்கு நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மில்லிமீட்டரும் 130 பிக்சலுக்கு மேல் விரிகிறது. கண்ணுக்கு எளிதில் படாத 0.2 மி.மீ. தூசி, திரையில் 26 பிக்சல் அகலப் புள்ளியாக உட்கார்ந்திருக்கும். விரல் ரேகை, பசையின் மெல்லிய இழை, கல்லின் ஓரத்தில் தேங்கிய பாலிஷ் எல்லாமே இப்படித்தான் பெரிதாகும். எடிட்டிங்கில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் போகும். முன்பே துடைத்தால் 2 நிமிடம்.

மைக்ரோஃபைபர் துணி, மென்மையான மேக்கப் பிரஷ், கையால் அழுத்தும் காற்று பம்ப், சிறிய ட்வீசர் ஆகிய நான்கும் பக்கத்தில் இருக்கட்டும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் படியும். துடைத்த பிறகு பருத்திக் கையுறை போட்டோ, ட்வீசரால் பிடித்தோதான் நகையை நகர்த்த வேண்டும். முத்துக்கும் பசையால் ஒட்டிய கற்களுக்கும் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் கூடாது. முத்தின் மேல்பூச்சு மங்கும், பசை இளகும். உலர்ந்த துணியே போதும். ஆக்சிடைஸ் செய்த வெள்ளிக்குப் பாலிஷ் துணி பக்கமே போகக் கூடாது. பள்ளங்களில் நீங்கள் வேண்டுமென்றே விட்ட கருமையை அது எடுத்துவிடும்.

துடைக்கும்போதே வேலைப்பாட்டையும் ஒரு முறை பாருங்கள். ஜம்ப் ரிங்கின் (பாகங்களை இணைக்கும் சிறு கம்பி வளையம்) வாய் முழுதாக மூடியிருக்கிறதா, ஹெட் பின்னின் (மணி கோக்கும் கம்பி) சுருள் நேராக இருக்கிறதா, நூல் முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா, இரண்டு இயர் ஹூக்குகளும் ஒரே வளைவில் உள்ளனவா. இவற்றைக் குறடு கொண்டு நகையில்தான் சரிசெய்ய வேண்டும். படத்தில் மட்டும் சரிசெய்து, நகையை அப்படியே அனுப்பினால் அது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

மேடை அமைப்பது

நேரடி வெயில் விழாத ஜன்னலின் அருகே, அதிலிருந்து 50 முதல் 100 செ.மீ. தள்ளி, ஒரு மேசையைப் போடுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வராமல் நகையின் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். பின்னாலிருந்து வந்தால் உங்கள் நிழலும் மொபைலின் நிழலும் நகை மேல் விழும், வேலைப்பாட்டின் மேடுபள்ளமும் தட்டையாகிவிடும். ஜன்னலில் வெயில் அடித்தால் ட்ரேசிங் பேப்பரையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ கண்ணாடி முழுக்கப் பரப்பி ஒட்டுங்கள். வெண்மேகம் மூடிய நாள் நகைப் படத்துக்கு மிக நல்ல நாள், ஏனென்றால் வானமே ஒரு பெரிய மென்விளக்காகிவிடுகிறது. மேகம் வந்து வந்து போகும் நாள்தான் தொல்லை: ஒரே செட்டின் இரண்டு கம்மல்கள் இரண்டு நிறத்தில் வரும்.

பின்னணிக்குப் பளபளப்பில்லாத வெள்ளைத் தாள், ஏ2 அளவு இருந்தால் நல்லது. மேல் முனையைச் சுவரிலோ ஒரு பெட்டியிலோ டேப் போட்டு ஒட்டி, மீதியை மேசை மேல் மெதுவாக வளைந்து இறங்கும்படி விடுங்கள். மடிப்பு விழக் கூடாது, மடிப்பு இருந்தால் படத்தின் குறுக்கே கோடு தெரியும். நகை அந்த வளைவிலிருந்து குறைந்தது 20 செ.மீ. முன்னால் இருக்கட்டும். நல்ல வெள்ளையாகத் தெரியும் சில சார்ட் பேப்பர்களில் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால், ஜன்னல் வெளிச்சத்தில் லேசாக நீலம் தட்டும். அப்படிப்பட்ட தாளை மாற்றிவிடுவது எளிது.

இதோடு ஏ4 அளவில் இரண்டு வெள்ளைத் தெர்மாகோல் பலகைகளும், இரண்டு கறுப்பு அட்டைகளும் வேண்டும். ஒரு வெள்ளைப் பலகையை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், நகையிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் பக்கம் உடனே தெளியும். பலகையை அருகில் கொண்டுவரக் கொண்டுவர நிழல் கரையும். முழுக்கக் கரைந்துவிட்டால் நகை காகிதத்தில் மிதப்பதுபோல் ஆகிவிடும், ஆகவே கொஞ்சம் நிழலை விட்டுவையுங்கள்.

இனி அறையின் எல்லா விளக்குகளையும் அணையுங்கள். பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை, அதாவது ஒளியின் மஞ்சள், நீலச் சாயலைக் குறிக்கும் அளவு, ஏறத்தாழ 5500 கெல்வின். மஞ்சள் ஒளி தரும் பல்புகள் 2700 முதல் 3000 வரை. கேமராவால் இரண்டில் ஒன்றைத்தான் சமன்செய்ய முடியும். விளக்கு எரிந்தால் மோதிரத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், எந்த ஆப்பாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

இரவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் எல்இடி விளக்கு போதும். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். பெட்டியில் 5000 முதல் 5600 கெல்வின் என்றும், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95 அல்லது அதற்கு மேல் என்றும் இருக்க வேண்டும். சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் சிவப்புக் கற்கள் செத்துப்போன பழுப்பாகத் தெரியும். பல்பை அப்படியே காட்டாதீர்கள். 30 க்கு 40 செ.மீ. சட்டத்தில் ட்ரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, பல்பை அதற்கு 25 செ.மீ. பின்னால் வையுங்கள். தாள் முழுவதும் சீராக ஒளிர வேண்டும், ஏனென்றால் நகையில் பிரதிபலிப்பது அந்தத் தாள்தான். ரிங் லைட்டை நாங்கள் நகைக்குப் பரிந்துரைப்பதில்லை. குவிந்த கல் ஒவ்வொன்றிலும், மணி ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை வளையம் அச்சடித்ததுபோல் விழும்.

பளபளப்பைக் கையாளுவது

இங்கேதான் பெரும்பாலான நேரம் செலவாகும், ஆகவும் வேண்டும். உருண்டையான பரப்பும் தட்டையான பரப்பும் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும். வெள்ளி மணி போன்ற உருண்டை, அறை முழுவதையும் சுருக்கித் தன்மேல் வாங்கிக்கொள்ளும்: ஜன்னல், கூரை, உங்கள் சட்டை, மொபைல் எல்லாம் அதில் தெரியும். அதனால் மேலே ஒரு வெள்ளைத் தாள், இரண்டு பக்கமும் வெள்ளைப் பலகை என்று ஒரு சிறு கூடாரம்போல் மூட வேண்டியிருக்கும். தட்டையான தகடு ஒரே ஒரு திசையைத்தான் காட்டும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்பிப் போகும் என்பது பள்ளிப் பாடம். டாலர் தகடு கறுப்பாக வந்தால், உங்கள் கண்ணை லென்ஸ் இருக்கும் இடத்தில் வைத்துத் தகட்டைப் பாருங்கள். அதில் எது தெரிகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வெள்ளைப் பலகையைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். தகடு சட்டென்று வெளுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நேர் மேலிருந்து தட்டையான டாலரை எடுக்கும்போது மொபைலே அதில் தெரியும். லென்ஸ் அளவுக்குத் துளை போட்ட வெள்ளை அட்டையை மொபைலுக்கு முன்னால் பிடித்தால் அந்தத் துளை மட்டுமே பிரதிபலிக்கும். அல்லது டாலரின் ஒரு ஓரத்துக்கு அடியில் 2 மி.மீ. அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். அந்தச் சிறு சாய்வே மொபைலின் பிம்பத்தை வெளியே தள்ளிவிடும். படமெடுப்பவர் வெள்ளையோ சாம்பலோ உடுத்துவது நல்லது. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் வெள்ளிக்கு இளஞ்சிவப்புச் சாயல் ஏறும்.

வெள்ளையால் முழுக்க மூடிவிட்டால் அடுத்த பிரச்சினை வரும்: வெள்ளைத் தாளில் வெள்ளி ஓரங்கள் கரைந்துபோய் உருவமே தெளியாது. கறுப்பு அட்டையின் வேலை இதுதான். 2 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, ஃபிரேமுக்குச் சற்று வெளியே, நகையின் இருபுறமும் நிறுத்துங்கள். உலோகத்தின் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு ஓடி வடிவத்தைப் பிரித்துக் காட்டும். பட்டையை 1 செ.மீ. நகர்த்தினால் கோடு தடிக்கும் அல்லது மெலியும், பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டிய வேலை இது. தங்க முலாமுக்குக் கறுப்பைவிட அடர்பழுப்பு அட்டை பொருந்தும், மஞ்சளின் சூடு குறையாமல் இருக்கும்.

சிலர் மொபைலில் மாட்டும் போலரைசர் (சில பிரதிபலிப்புகளை வடிகட்டும் கண்ணாடி) வாங்குகிறார்கள். கண்ணாடி மணி, ரெசின் ஆகியவற்றின் மேல் படியும் வெள்ளைப் பூச்சை அது வெட்டும். உலோகப் பளபளப்பில் அதற்குப் பெரிய வேலை இல்லை. உலோகம் ஒளியைத் திருப்பும் விதமே வேறு.

கற்களுக்கு வருவோம். பட்டை தீட்டிய கல், மென்மையான வெளிச்சத்தில் மட்டும் எடுத்தால் வெறும் நிறக் கண்ணாடியாக நிற்கும். மின்னல் வேண்டுமென்றால் சிறிய, கூர்மையான ஓர் ஒளி தேவை. ஜன்னல் வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு மொபைலின் டார்ச்சை 50 செ.மீ. தூரத்திலிருந்து பக்கவாட்டில் காட்டி மெதுவாக அசையுங்கள். பட்டைகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும் கோணத்தில் நிறுத்தி எடுங்கள். டார்ச் கிட்ட வந்தால் உலோகத்தில் வெள்ளைத் திட்டு விழும். ஒளி ஊடுருவும் கல், கண்ணாடி மணி, பூ பதித்த ரெசின் இவற்றுக்கு வெளிச்சம் நகைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். பின்பக்கம் திறந்த பதிப்பு என்றால் கல்லுக்கு அடியில் அதைவிடச் சிறிய அலுமினியத் தாள் துண்டை வைத்துப் பாருங்கள். உள்ளே விளக்கு ஏற்றியதுபோல் நிறம் எழும். ஆனால் இதை ஒரு படத்தில் மட்டும் செய்யுங்கள். மற்ற படங்களில் கல் வழக்கமாக எப்படித் தெரியுமோ அப்படியே இருக்கட்டும்.

முத்துக்கு ஒரே ஒரு பெரிய மென்வெளிச்சம். இரண்டு மூன்று விளக்கு வைத்தால் ஒவ்வொரு முத்திலும் இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டு விழுந்து பிளாஸ்டிக் மணியாகிவிடும். செதுக்கு வேலை, ஆக்சிடைஸ் வேலை, பின்னல் கம்பி ஆகியவற்றுக்கு வெளிச்சம் தாழ்வாக, மேசையிலிருந்து 20 முதல் 30 டிகிரியில் உரசிக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் பள்ளமும் மேடும் பிரியும். டெரகோட்டாவும் நூல் நகையும் பிரதிபலிக்காது, அதனால் எளிது. பக்கவாட்டு ஜன்னல் ஒன்றே போதும்.

நிற்கவைப்பது, தொங்கவிடுவது

மோதிரம் நேராக நிற்க, சுவரில் போஸ்டர் ஒட்டும் புட்டியில் மிளகளவு எடுத்து அடியில் ஒட்டுங்கள். லென்ஸ் பக்கம் தெரியாமல் பின்னோக்கித் தள்ளியிருக்கட்டும், எடுத்து முடித்ததும் துடைத்துவிடுங்கள். தொங்கும் கம்மலைப் படுக்கவைத்து எடுத்தால் தொங்கட்டான்கள் தாறுமாறாகக் கிடக்கும். இரண்டு உயரமான டப்பாக்களுக்கு நடுவே மெல்லிய நைலான் நூலைக் கட்டி அதில் மாட்டுங்கள். ஆட்டம் நிற்கக் குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், மின்விசிறி ஓடக் கூடாது. ஜோடியில் ஒன்று நேராகவும் மற்றொன்று 30 டிகிரி திரும்பியும் இருந்தால் முன்பக்கமும் பக்கத் தோற்றமும் ஒரே படத்தில் கிடைத்துவிடும்.

செயினும் மாலையும் தட்டையாகக் கிடந்தால் பாம்பாக நெளியும். வெள்ளைத் தாள் ஒட்டிய பலகையை 60 டிகிரி சாய்த்து, மேல் விளிம்பின் பின்புறம் இரண்டு குண்டூசி குத்தி, கொக்கி முனைகளை அதில் மாட்டுங்கள். மீதியை எடையே இழுத்து அழகான வளைவாக்கும். டாலர் நடுவில் தொங்குகிறதா என்று இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 3 மி.மீ. வித்தியாசம்கூடப் படத்தில் கண்ணை உறுத்தும். கண்ணி முறுக்கிக்கொண்டிருந்தால் பல்குச்சியால் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியதுதான், குறுக்குவழி கிடையாது. கையணி உருண்டு படுத்துவிட்டால், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டைக் குழலாகச் சுருட்டி உள்ளே செருகுங்கள்.

மொபைலில் மாற்ற வேண்டியவை

லென்ஸைத் துடையுங்கள். பையிலும் கையிலும் கிடக்கும் மொபைலின் லென்ஸில் எப்போதும் எண்ணெய்ப் படலம் இருக்கும், பளபளக்கும் இடங்களைச் சுற்றிப் புகைபோலப் படர்வது பெரும்பாலும் அதனால்தான். ஃபிளாஷை அணையுங்கள். சீன் ஆப்டிமைசர், ஏஐ மேம்பாடு, பியூட்டி, நிற ஃபில்டர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். கேமரா தானாக நிறத்தைத் தூக்கினால் பவளம் ஆரஞ்சாகும், மயில்நீலம் வெறும் நீலமாகும். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். பின்னணியை மங்கவைக்கும் மென்பொருளுக்கு மெல்லிய இயர் ஹூக்கும் செயின் கண்ணியும் புரிவதில்லை, பாதியைச் சேர்த்து அழித்துவிடும்.

லென்ஸ் தேர்வில் பலர் தவறுவார்கள். 1எக்ஸ் லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. அதை நகைக்கு 8 செ.மீ. அருகில் கொண்டுபோனால் ஒன்று ஃபோகஸ் ஆகாது, அல்லது மோதிரத்தின் முன்பக்கம் வீங்கிப் பின்பக்கம் சுருங்கும். போதாததற்கு மொபைலின் நிழலும் விழும். 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு பின்வாங்கி நில்லுங்கள். பல மாடல்களில் இந்த டெலி லென்ஸ் மிக அருகில் ஃபோகஸ் ஆகாது, அப்போது மொபைல் தானாகவே முதன்மை லென்ஸுக்கு மாறி, வெட்டிய படத்தைத் தரும். டெலி லென்ஸைக் கையால் மறைத்துப் பாருங்கள்: திரை இருளவில்லை என்றால் அது பயன்படவில்லை. தனி லென்ஸ் இல்லையா, 1எக்ஸிலேயே 20 முதல் 25 செ.மீ. தள்ளி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் படம் 4000 க்கு 3000 பிக்சல். பாதி அகலத்தை வெட்டினாலும் 2000 பிக்சல் மிஞ்சும், அது கடைக்குப் போதும். வெளிச்சம் நன்றாக இருந்தால் 48 அல்லது 50 மெகாபிக்சல் மோடில் எடுப்பது வெட்டுவதற்கு இன்னும் இடம் தரும்.

பூ அடையாளத்துடன் தானாகக் குதிக்கும் மேக்ரோ மோடு பெரும்பாலான மொபைல்களில் அல்ட்ராவைட் லென்ஸைத்தான் பயன்படுத்துகிறது. கல் பதிப்பின் ஓரம், பின்னலின் இழை என்று நுணுக்கத்தைக் காட்டும் ஒரு படத்துக்கு அது பயன்படும். முழு நகைக்கு அணைத்துவையுங்கள்.

ட்ரைபாட் கட்டாயம். கையில் பிடித்தால் மூச்சு விடுவதே ஃபோகஸைச் சில மில்லிமீட்டர் நகர்த்தும், அருகில் எடுக்கும்போது கூர்மையாக இருக்கும் ஆழமே சில மில்லிமீட்டர்தான். 3 நொடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள், பொத்தானை அழுத்தும் அதிர்வு அடங்கிவிடும்.

எடுக்கும்போது நடக்க வேண்டியது இப்படி:

1. நகையின் முக்கிய முகம் மொபைலின் முதுகுக்கு இணையாக இருக்குமாறு கோணத்தைச் சரிசெய்யுங்கள். சாய்ந்திருந்தால் பாதி கூர்மையாகவும் பாதி மங்கலாகவும் வரும்.

2. லென்ஸுக்கு அருகில் உள்ள கல்லிலோ செதுக்கலிலோ விரலை வைத்துச் சில நொடி அழுத்துங்கள். ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவு) பூட்டிக்கொள்ளும்.

3. சூரிய அடையாளத்தை இழுத்து வெளிச்சத்தைத் திருத்துங்கள். பின்னணி வெள்ளை என்றால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், +0.3 முதல் +0.7 வரை ஏற்றுங்கள். பின்னணி கறுப்பு என்றால் எதிர்மாறு, -0.7 வரை இறக்குங்கள். எப்படியானாலும் உலோகத்தின் மிகப் பிரகாசமான இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே மேற்பரப்பின் நுணுக்கமோ கோடோ தெரியாமல் வெற்று வெள்ளையாக இருந்தால் குறையுங்கள். எரிந்துபோன வெள்ளையை எடிட்டிங்கில் மீட்க முடியாது, சற்று இருண்டதை மீட்கலாம்.

4. புரோ மோடு (அமைப்புகளைக் கையால் மாற்றும் வசதி) இருந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 50 அல்லது 100 இல் நிறுத்துங்கள். ட்ரைபாட் இருப்பதால் ஷட்டர் 1/15 நொடி வரை இறங்கினாலும் கவலை இல்லை, தொங்கும் கம்மலுக்கு மட்டும் 1/60 க்குக் கீழே போகாதீர்கள். எல்இடி வெளிச்சத்தில் படத்தில் வரிவரியாகப் பட்டை ஓடினால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120 வையுங்கள்.

5. ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) ஆட்டோவில் விடாதீர்கள். தங்கம் ஃபிரேம் நிறைய இருந்தால் ஆட்டோ அதை மஞ்சள் வெளிச்சம் என்று தவறாக எண்ணி நீலத்தைக் கலக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் 5500 இல் தொடங்கி, வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை திருத்திப் பூட்டுங்கள். புரோ மோடு இல்லாத மொபைலுக்கு அந்த வசதி தரும் கேமரா ஆப்கள் உள்ளன. அதுவும் வேண்டாம் என்றால் ஒவ்வொரு முறை வெளிச்சம் மாறும்போதும் நகைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள், பிறகு எடிட்டிங்கில் அதைத் தொட்டே நிறத்தைச் சமன்செய்யலாம்.

கோணம் பிடிபட்டதும் ட்ரைபாட் கால்கள், நகை, பலகைகள் இருந்த இடங்களையெல்லாம் மேசையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். அடுத்த மாதம் செய்யும் நகையும் இதே அளவில், இதே வெளிச்சத்தில் வந்தால்தான் கடைப் பக்கம் ஒரே கையால் செய்ததாகத் தெரியும்.

ஒரு நகைக்கு எத்தனை படம்

ஐந்தாறு படம் ஒழுங்காக இருந்தால் போதும், ஒரே கோணத்தில் பன்னிரண்டு வேண்டாம். முன்பக்கம், முக்கால் கோணம், நுணுக்கம், பின்பக்கம், அளவு, அணிந்த தோற்றம். இவற்றில் பலர் விட்டுவிடுவது பின்பக்கம். திருகாணியா கொக்கியா, முனை எப்படி முடிந்திருக்கிறது, எந்த உலோகக் கம்பி என்பதெல்லாம் அணிபவர் தெரிந்துகொள்ள விரும்புபவை. கைவேலையின் தரம் உண்மையில் வெளிப்படுவதும் அங்கேதான். அளவுக்கு நாணயத்தை வைப்பதைவிட ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் காட்டுங்கள், வாங்குபவர் எந்த ஊரில் இருந்தாலும் புரியும். கம்மல் எதிர்பார்த்ததைவிடப் பெரிது, சிறிது என்று திரும்பி வருவதை இந்த ஒரு படம் பெருமளவு தடுக்கும்.

அணிந்த படத்துக்கு முகம் தேவையில்லை. காது முதல் தோள் வரை, அல்லது மணிக்கட்டு மட்டும். நகம், முடி, துணியின் விளிம்பு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். தோலின் நிறத்தை வெளுக்கவைக்காதீர்கள், வெளுத்தால் நகையின் நிறமும் கூடவே பொய்யாகும்.

எடிட்டிங், அளவு, அனுப்புவது

முதலில் மொபைலின் நைட் ஷிஃப்ட், ஐ கம்ஃபர்ட், ட்ரூ டோன் போன்றவற்றை அணையுங்கள். மஞ்சள் திரையைப் பார்த்து நிறம் திருத்தினால் படம் நீலமாகும். ஸ்னாப்சீட், லைட்ரூம் எதுவும் போதும். வெட்டி நேராக்குவது, ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், தூசி நீக்கம், கடைசியாகக் கொஞ்சம் கூர்மை என்ற வரிசையில் போங்கள். கூர்மையை முன்பே ஏற்றினால் தூசியும் கூர்மையாகும். சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) தொடாதீர்கள். நிறம் குறைவாகத் தெரிந்தால் காரணம் ஒயிட் பேலன்ஸாகவோ எக்ஸ்போஷராகவோதான் இருக்கும். நகையைத் திரைக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சேமியுங்கள். ஹீலிங் கருவி தூசிக்கு மட்டும். கல்லில் இயல்பாக உள்ள கோட்டையோ, உலோகத்தில் உள்ள சுத்தியல் தடத்தையோ அழிக்காதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை எட்ஸி, படத்தின் குறுகிய பக்கம் 2000 பிக்சலாவது இருக்கச் சொல்கிறது. ஷாப்பிஃபை சதுரப் படத்துக்கு 2048 க்கு 2048 பரிந்துரைக்கிறது. அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது ஆர்ஜிபி 255, 255, 255 ஆக இருக்க வேண்டும், பொருள் ஃபிரேமில் 85 சதவீதம் நிறைய வேண்டும், பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வர நீண்ட பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். அந்தச் சுத்த வெள்ளையைப் படமெடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஏற்றிப் பெற முயன்றால் வெள்ளி எரிந்துவிடும். சற்றுச் சாம்பலாக எடுத்து, எடிட்டிங்கில் பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுப்பாக்குங்கள்.

கடைத் தளம் படத்தை ஏற்க மறுத்தால் பெரும்பாலும் அது எச்இஐசி (சில மொபைல்கள் படத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) வடிவில் இருக்கும். கேமரா அமைப்பில் ஜேபெக் என்று மாற்றிவிடுங்கள். ஒரு மொபைலிலிருந்து இன்னொன்றுக்கோ கணினிக்கோ வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கடையில் ஏற்றிய பிறகு வேறொரு மொபைலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தேடல் முடிவில் 2 செ.மீ. அகலத்தில் வரும் முதல் படத்தைப் பாருங்கள். அந்த அளவிலேயே அது கம்மலா டாலரா என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நகையைச் சுற்றி வெற்றிடம் அதிகம், இன்னும் நெருக்கமாக வெட்டி மறுபடி ஏற்றுங்கள்.